நிலக்கரியில் காற்றுக்குமிழி ஒட்டுவது எப்படி, எண்ணெய்ப் படலம் அங்கே என்ன செய்கிறது: சோதனைக்கூடத்துக்கான முழு வழிகாட்டி

தன்பாத்தைச் சுற்றியுள்ள ஜாரியா வயலின் நிலக்கரி கற்கரி (எஃகு ஆலைக்கு வேண்டிய கோக்) தயாரிக்க ஏற்றது. ஆனால் அதில் சாம்பல் அதிகம். எஃகு ஆலைக்கு அனுப்புமுன் கழுவியாக வேண்டும். பெரிய கட்டிகளை அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டு பிரித்துவிடுவார்கள். அரை மில்லிமீட்டருக்குக் கீழே உள்ள பொடிக்கு அந்த வழி எடுபடாது. அந்தப் பொடியைத் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் டீசல், கொஞ்சம் நுரையாக்கி (நுரையை நிலைக்க வைக்கும் பொருள்) சேர்த்து, அடியிலிருந்து காற்றை விடுவார்கள். கரி குமிழியில் ஒட்டிக்கொண்டு கறுப்பு நுரையாக மேலே வரும். களிமண்ணும் பாறைத்தூளும் தண்ணீரிலேயே தங்கும். இதுதான் நுரை மிதப்பு முறை.

இதில் டீசலின் பங்கு என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் "கரியின் மேல் எண்ணெய் பூசுகிறது, எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது, அதனால் காற்றோடு போய்விடுகிறது" என்பார்கள். தவறில்லை, ஆனால் பாதிதான். எண்ணெய் கரியை முழுவதும் மூடுவதில்லை, மூடவும் தேவையில்லை. அது எந்த இடத்தில் போய் உட்காருகிறது, அங்கே பரவுகிறதா அல்லது துளியாகவே நிற்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதை உங்கள் கண்ணாலேயே பார்த்து அளந்துகொள்ளும்படி கீழே படிப்படியாகச் சொல்கிறேன். கனிமப் பதப்படுத்தலோ வேதியியலோ படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கரிப்பொடி, துகள் சராசரியாக 100 மைக்ரான், அடர்த்தி கன மீட்டருக்கு 1,400 கிலோ என்று வைப்போம். உருண்டையான துகளுக்கு, ஒரு கிலோவின் மொத்தப் பரப்பு என்பது 6-ஐ அடர்த்தி, விட்டம் இரண்டின் பெருக்கத்தால் வகுத்தால் வருவது. அப்படிப் பார்த்தால் கிலோவுக்குச் சுமார் 43 சதுர மீட்டர், டன்னுக்கு 43,000 சதுர மீட்டர். ஏறத்தாழ பத்தரை ஏக்கர்.

இதற்கு ஒரு கிலோ டீசல் ஊற்றுகிறோம். அது சுமார் 1.2 லிட்டர். பத்தரை ஏக்கர் நிலத்தில் 1.2 லிட்டரை ஒரே சீராகப் பரப்பினால் தடிமன் 28 நானோமீட்டர் வரும். துகள் 20 மைக்ரானாக இருந்தால் பரப்பு ஐந்து மடங்காகி, தடிமன் 6 நானோமீட்டருக்கும் கீழே போய்விடும்.

ஆலையில் எண்ணெய் இப்படிச் சீராகப் பரவுவதே இல்லை. கலக்கும்போது அது சில மைக்ரான் அளவுள்ள துளிகளாக உடைகிறது. ஒரு துளி ஒரு துகளின் மேல் ஏதோ ஓரிடத்தில் மோதி, ஒட்டி, அங்கே சின்னத் திட்டாகப் பரவுகிறது. பக்கத்துத் துகளுக்கு ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். தோசைக்கல்லுக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பார்களே, அந்தத் தேய்ப்பு வேலையை இங்கே கலக்கியின் சுழற்சிதான் செய்ய வேண்டும். எண்ணெயை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது.

ஒட்டுதல் மூன்று கட்டமாக நடக்கிறது

குமிழியும் துகளும் முதலில் மோத வேண்டும். பிறகு இடையில் சிக்கிய நீர்ப்படலம் வடிந்து மெலிந்து கிழிய வேண்டும். கடைசியாக, கிழிந்த ஓட்டை விரிந்து, கரி, நீர், காற்று மூன்றும் சந்திக்கும் ஒரு வளையக்கோடு உருவாக வேண்டும். மோதல் பெரும்பாலும் நீரோட்டத்தின் கையில் இருக்கிறது. எண்ணெயின் வேலை இரண்டாவது, மூன்றாவது கட்டங்களில்.

நீர்ப்படலம் எளிதில் கிழிந்துவிடாது. சாதாரண நீரில் கரித்துகள், குமிழி, எண்ணெய்த் துளி மூன்றுமே எதிர்மின் சுமையோடுதான் இருக்கின்றன, ஒன்றையொன்று தள்ளுகின்றன. காற்று, நீர், கரிமப்பொருள் என்ற அடுக்கில் வான்டர் வால்ஸ் விசையும் படலத்தைக் காப்பாற்றவே பார்க்கிறது. ஆனாலும் கிழிகிறது, ஏனென்றால் தண்ணீருக்குப் பிடிக்காத பரப்பின் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிலையாக நிற்க முடிவதில்லை. இந்த நீர்வெறுப்பு ஈர்ப்புக்கு அடிப்படை என்ன, பரப்பில் ஒட்டியிருக்கும் நானோக்குமிழிகளுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் வாக்குவாதம் உண்டு. ஆனால் படலம் கிழிய ஆகும் நேரத்தை அளக்க முடியும். அதைத் தூண்டல் நேரம் என்கிறோம். நல்ல கரியில் அது சில மில்லிநொடி முதல் சில பத்து மில்லிநொடி வரை. மிதப்பு நடக்கும் தொட்டியான கலத்துக்குள் துகள் ஒரு குமிழியின் மேல் சறுக்கிச் செல்லும் நேரமும் அதே அளவுதான். தூண்டல் நேரம் அதைவிட நீண்டால் துகள் ஒட்டாமல் நழுவிவிடும். எண்ணெய் ஒரு திட்டு அளவுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் படலம் சீக்கிரம் கிழிகிறது.

இனி அளக்கத் தொடங்கலாம்.

படி 1: கரியைத் தேர்ந்தெடுத்துத் தயார் செய்தல்

புதிதாக வெட்டிய கட்டி வேண்டும். காற்றில் மாதக்கணக்கில் கிடந்த கரியின் மேல் ஆக்சிஜன் ஏறி கார்பாக்சில், பீனால் தொகுதிகள் உருவாகியிருக்கும். அவை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாங்கிய நாளே காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிரில் வையுங்கள்.

கட்டியை உற்றுப் பார்த்தால் பட்டைகள் தெரியும். கண்ணாடி போல மின்னும் பட்டை விட்ரினைட் என்ற கரிக்கூறு நிறைந்தது. தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும் மங்கலான பட்டை வேறு. இடையிடையே சாம்பல் நிற மென்களிமண் கல்லும் இருக்கும். மூன்றும் குமிழிக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லும். மின்னும் பட்டையில் ஒன்று, கல்லில் ஒன்று என இரண்டு துண்டுகளாவது எடுங்கள்.

சிலிக்கான் கார்பைடு தாளில் 600, 1200 என்ற வரிசையில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் நுண்ணிய அலுமினாத் தூளால் மெருகேற்றுங்கள். மெழுகு கலந்த தாளும் வேண்டாம், எண்ணெய் கலந்த பசையும் வேண்டாம். நன்றாகக் கழுவி ஒரு மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிடுங்கள்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று. முதல் முறை செய்தபோது எண்ணெயே போடாத துண்டில் குமிழி பச்சக்கென்று ஒட்டியது. கோணமும் பிரமாதம். இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மெருகேற்றிய முகத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை. அளந்தது கரியை அல்ல, என் விரலின் எண்ணெய்ப் பிசுக்கை. அன்றிலிருந்து துண்டை இடுக்கியால் மட்டுமே எடுக்கிறேன், அதுவும் பக்கவாட்டில்.

கண்ணாடிப் பாத்திரத்தையும் ஊசியையும் ஆல்கஹாலால் கழுவி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலசுங்கள். கண்ணாடியின் மேல் தண்ணீர் விட்டால் அது துளித்துளியாகப் பிரியாமல் ஒரே விரிப்பாக வழிய வேண்டும். பிரிந்தால் இன்னும் பிசுக்கு இருக்கிறது.

படி 2: எண்ணெய் இல்லாமல் தொடு கோணம்

துண்டின் மெருகேற்றிய முகம் கீழே பார்க்கும்படி, தெளிந்த நீர் நிரம்பிய சதுரக் கண்ணாடித் தொட்டியில் மூழ்க வைத்து நிறுத்துங்கள். நுனி வளைந்த ஊசி பொருத்திய சிறிஞ்சால் அடியிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் குமிழியை விடுங்கள். அது மேலேறி முகத்தில் உட்காரும். பின்புறம் பரவிய வெளிச்சம் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள்.

குமிழியின் ஓரம் கரிமுகத்தோடு சேரும் இடத்தில் உண்டாகும் கோணமே தொடு கோணம். அதை நீரின் பக்கமாக அளக்க வேண்டும். இதில் தலைகீழாக அளந்து 140 பாகை என்று எழுதிக்கொண்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். குமிழியை ஊதிப் பெரிதாக்கும்போது தண்ணீர் பின்வாங்குகிறது. உறிஞ்சிச் சிறிதாக்கும்போது தண்ணீர் முன்னேறுகிறது. இரண்டு நிலையிலும் கோணம் வேறு வேறாக வரும். கரியில் இந்த வேறுபாடு பெரிது, ஏனென்றால் பரப்பு கரடும் கலப்புமாக இருக்கிறது. ஒட்டும்போது நடப்பது நீர் பின்வாங்குவது. ஆகவே அந்தக் கோணத்தை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

கரியின் வயதைப் பொறுத்து கோணம் மாறும். நெய்வேலியில் கிடைப்பது போன்ற பழுப்பு நிலக்கரி தண்ணீரோடு உறவாடும். அதன் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம்தான். அங்கே கோணம் மிகக் குறைவு. கற்கரிக்கு ஏற்ற நடுத்தர முதிர்ச்சியில் கோணம் உச்சத்துக்கு வந்து, மிக முதிர்ந்த கரியான ஆந்த்ரசைட்டில் மறுபடி சற்று இறங்கும்.

கோணம் ஏறினால் என்ன லாபம்? ஒரு சதுர மீட்டர் ஒட்டுதலைப் பிரிக்கத் தேவையான ஆற்றல் என்பது நீரின் பரப்பு இழுவிசையை, ஒன்றிலிருந்து கோணத்தின் கொசைனைக் கழித்து வருவதோடு பெருக்கினால் கிடைக்கும். நீருக்கு அறை வெப்பத்தில் இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். 40 பாகைக்கு விடை சதுர மீட்டருக்குச் சுமார் 17 மில்லிஜூல். 70 பாகைக்குச் சுமார் 47. முப்பது பாகை கூடினால் பிடிப்பு கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

படி 3: எண்ணெய்ப் படலத்தை உருவாக்குதல்

இரண்டு வழி இருக்கிறது. டீசலை ஆவியாகும் கரைப்பானில் கலந்து துண்டின் மேல் விட்டு உலர்த்துவது ஒன்று. அழகாக, சீராக வரும். கட்டுரையில் போட நன்றாக இருக்கும். ஆனால் ஆலையில் எந்தக் கரியும் உலர்ந்த நிலையில் எண்ணெயைச் சந்திப்பதில்லை. அங்கே எண்ணெய் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் கரியைத் தொட வேண்டும். ஆகவே நான் இரண்டாவது வழியையே சொல்வேன்.

ஒரு லிட்டர் நீரில் சில துளி டீசலை விட்டு, வேகமான கலக்கியால் இரண்டு மூன்று நிமிடம் அடித்துப் பால் போலாக்குங்கள். (கலக்கி இல்லையென்றால் வீட்டு மிக்சியும் செய்யும், அந்த ஜாரை அதன்பிறகு சட்னிக்கு எடுக்காதீர்கள். பெட்ரோல் போன்ற எளிதில் தீப்பிடிக்கும் எதையும் அதில் போடவே கூடாது.) அதில் துண்டை இரண்டு நிமிடம் தொங்கவிட்டு மெதுவாகக் கிளறுங்கள். பிறகு சுத்தமான நீருக்குள் மாற்றுங்கள். மாற்றும்போது பாத்திரத்தின் மேல்பரப்பில் மிதக்கும் எண்ணெய்த் தோல் துண்டில் ஒட்டிவிடும். முதலில் நீரை நிரம்பி வழியவிட்டு அந்தத் தோலை வெளியேற்றுங்கள்.

இப்போது உருப்பெருக்கியில் பாருங்கள். மின்னும் பட்டையில் எண்ணெய் தட்டையான திட்டுகளாகப் படிந்திருக்கும். களிமண் கல்லில் தாமரை இலைத் தண்ணீர் தலைகீழானது போல, எண்ணெய் உருண்டையாக நிற்கும் அல்லது நிற்கவே நிற்காது. டீசல் கரியைத் தேர்ந்தெடுத்து ஒட்டுகிறது, சாம்பலை விட்டுவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது. காற்றில் நாள்பட்ட கரித்துண்டு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். அங்கேயும் எண்ணெய் உருண்டையாகவே நிற்கக் காண்பீர்கள்.

படி 4: குமிழியை மறுபடி விடுதல்

எண்ணெய்த் திட்டு இருக்கும் இடத்தில் குமிழியை உட்கார வைத்து, நன்றாகப் பெரிதாக்கிய படத்தில் குமிழியின் அடி ஓரத்தைக் கவனியுங்கள். திட்டாக இருந்த எண்ணெய் மெல்ல நகர்ந்து, கரி, நீர், காற்று சந்திக்கும் கோட்டில் மெல்லிய வளையமாகச் சேரும். கூரிய ஓரம் சற்றே வழுவழுப்பான சரிவாக மாறியிருக்கும். கோணம் எண்ணெயில்லாத நிலையைவிட உயர்ந்திருக்கும். குமிழியை ஊசியால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். முன்பு சறுக்கியது இப்போது பிடித்துக்கொண்டு நீளும்.

இந்த வளையத்தால்தான் கொஞ்சம் எண்ணெய் பெரிய வேலை செய்கிறது. பரப்பு முழுவதும் எண்ணெய் இருக்க வேண்டியதில்லை. வளையக்கோட்டில் இருந்தால் போதும்.

எண்ணெய் குமிழியின் மேலும் ஏறுமா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரின் பரப்பு இழுவிசையிலிருந்து எண்ணெயின் பரப்பு இழுவிசையையும் எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான இழுவிசையையும் கழியுங்கள். மிச்சம் நேர்மறையாக இருந்தால் பரவும். தூய ஹைட்ரோகார்பன் எண்ணெயான டோடெக்கேனுக்கு அவை முறையே சுமார் 25-ம் 53-ம், மிச்சம் எதிர்மறை. அதாவது அது குமிழியின் மேல் வில்லையாக நிற்குமே தவிர விரியாது. டீசலும் மண்ணெண்ணெயும் தூய்மையானவை அல்ல. அவற்றில் இருக்கும் முனைவுள்ள கலப்புகள் இடைமுக இழுவிசையைக் குறைப்பதால் அவை பரவ முடிகிறது. ஆய்வகத்தில் தூய எண்ணெயை வைத்துச் செய்த முடிவு ஆலையில் பொருந்தாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் இதையே திருப்பிப் போட்டு, முதலிலேயே குமிழிக்கு எண்ணெய் போர்த்தி அனுப்பும் முறையை ஆராய்ந்திருக்கிறார்கள்.

படி 5: தூண்டல் நேரம்

முறையான கருவி ஒரு குமிழியைத் துகள் படுகையின் மேல் குறிப்பிட்ட மில்லிநொடி நேரம் அழுத்திப் பிடித்துவிட்டு எடுக்கும். இருபது தடவை செய்து, எத்தனை தடவை துகள் ஒட்டி வந்தது என்று எண்ண வேண்டும். பாதித் தடவை ஒட்டும் நேரமே தூண்டல் நேரம். எளிய யோசனைதான், ஆனால் கருவி எல்லா ஆய்வகத்திலும் இருக்காது.

கருவி இல்லையென்றால் கைபேசியின் மெதுவியக்கப் படப்பிடிப்பு இருக்கிறது. நொடிக்கு 240 படம் என்றால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். குமிழி முகத்தைத் தொட்ட படத்திலிருந்து, அடியில் திடீரென வட்டம் விரியும் படம் வரை எண்ணுங்கள். 8 மில்லிநொடியா 12 மில்லிநொடியா என்று இதில் சண்டை போட முடியாது. எண்ணெயில்லாத நாள்பட்ட கரி 200 மில்லிநொடி எடுக்கிறதா, எண்ணெய் பட்டது 20 எடுக்கிறதா என்ற அளவுக்கு வேறுபாடு இருந்தால் அது தெரியும். ஒரே இடத்தில் அளக்காமல் குறைந்தது பத்து இடங்களில் அளந்து நடு எண்ணை எடுங்கள்.

நேரம் கிடைத்தால் இன்னொரு வேடிக்கை. தொட்டி நீரில் கடல்நீர் அளவுக்கு உப்பைப் போட்டு, எண்ணெயில்லாத துண்டில் மறுபடி அளந்து பாருங்கள். உப்பு மின்சுமைத் தள்ளலை அடக்கிவிடுவதால் குமிழி விரைவாக ஒட்டும். நல்ல நிலக்கரி உப்புநீரில் எண்ணெயே இல்லாமல் மிதப்பது வெகுகாலமாகத் தெரிந்த விஷயம்.

படி 6: மிதப்புக் கலத்தில் அளவு மாற்றிப் பார்த்தல்

2 லிட்டர் கலம், 200 கிராம் பொடி. முதலில் காற்றில்லாமல் ஐந்து நிமிடம் கலக்கி எல்லாத் துகளையும் நனையவிடுங்கள். பிறகு டீசல், இரண்டு மூன்று நிமிடம். அதன்பின் நுரையாக்கி, அரை நிமிடம். கடைசியில் காற்று. இந்த வரிசையை மாற்றாதீர்கள். எண்ணெய் துளியாக உடைந்து கரியைத் தேடிப்போக நேரம் வேண்டும், நுரையாக்கிக்கு அவ்வளவு வேண்டாம்.

டன்னுக்கு 1 கிலோ என்றால் 200 கிராமுக்கு 0.2 கிராம், அதாவது 240 மைக்ரோலிட்டர். நுண் பிப்பெட்டால் மட்டுமே இதை நம்பி எடுக்க முடியும். 0, 0.25, 0.5, 1, 2, 4 கிலோ என்று ஆறு ஓட்டம் செய்யுங்கள். நுரையாக்கியின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும். வழித்தெடுத்த நுரையை அரை, 1, 2, 4 நிமிடப் பகுதிகளாகத் தனித்தனியே வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு, 815 பாகை செல்சியஸில் எரித்துச் சாம்பல் பாருங்கள்.

எரியும் பொருளின் மீட்பு விகிதத்தைக் கணக்கிட: விளைச்சல் சதவீதத்தை, நூறிலிருந்து விளைபொருளின் சாம்பலைக் கழித்ததால் பெருக்கி, நூறிலிருந்து தொடக்கக் கரியின் சாம்பலைக் கழித்ததால் வகுங்கள். உதாரணத்துக்கு, சாம்பல் 25 உள்ள கரியில் 70 சதவீதம் நுரையில் வந்து, அதன் சாம்பல் 14 என்றால் மீட்பு 80 சதவீதம்.

வரைபடம் போட்டால் மீட்பு முதலில் வேகமாக ஏறி, பிறகு தட்டையாகும். தட்டையான பிறகும் எண்ணெயைக் கூட்டினால் மூன்று தொல்லைகள். கரித்துகள்கள் எண்ணெயால் ஒன்றோடொன்று கட்டி சேர்ந்து, நடுவில் களிமண்ணையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மேலே வரும், சாம்பல் ஏறும். கட்டிகள் பெரிதாகிக் குமிழி தூக்க முடியாத எடைக்கு வரலாம். மேலும், மிச்ச எண்ணெய்த் துளிகள் நுரையின் சுவர்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடும். கலத்தின் மேல் செழித்து நின்ற நுரை எண்ணெய் கூடியதும் சப்பென்று படுப்பதைப் பார்த்தால், அளவு தாண்டிவிட்டது என்று சாம்பலை எரித்துப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

ஒட்ட மறுக்கும் கரிக்கு

நாள்பட்ட கரியில் டீசல் உருண்டையாக நின்றதைப் படி 3-இல் பார்த்தோம். அதற்கு டீசலைக் கூட்டுவது காசைத் தண்ணீரில் கரைப்பது. கார்பாக்சில், பீனால் தொகுதிகளோடு உறவு வைத்துக்கொள்ளக்கூடிய தலைப்பகுதி உள்ள எண்ணெய், உதாரணமாக ஒலியிக் அமிலம், டீசலில் சிறிதளவு சேர்த்தால் துளி பரவத் தொடங்கும். இதையும் முதலில் மெருகேற்றிய துண்டில் பார்த்துவிட்டு, பிறகு கலத்துக்குப் போங்கள். களிமண் அதிகமுள்ள பொடியில் இன்னொரு சிக்கல்: நுண்ணிய களிமண் கரியின் முகத்தைப் போர்த்திவிடும், எண்ணெய்க்குக் கரியே கண்ணில் படாது. அங்கே எண்ணெயை மாற்றிப் பயனில்லை. களிமண்ணை முன்பே நீக்குவதோ, அதைக் கரியிலிருந்து பிரித்து நீரில் சிதறவைக்கும் சிதறடிப்பான் சேர்ப்பதோதான் வழி.

படி 7: கடைசியில் மீண்டும் பூஜ்யம்

ஆறு ஓட்டமும் முடிந்தபின் ஏழாவதாக, டீசலே இல்லாத ஓட்டத்தை இன்னொரு முறை செய்யுங்கள். முதல் பூஜ்ய ஓட்டத்தின் மீட்போடு ஒப்பிடுங்கள். இரண்டும் சோதனைப் பிழைக்குள் ஒத்துப்போனால் உங்கள் எண்களை நம்பலாம். இரண்டாவது கணிசமாக உயர்ந்திருந்தால், கலத்தின் ரப்பர் வளையத்திலோ கலக்கியின் இடுக்கிலோ பழைய டீசல் தங்கிக்கொண்டு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்திருக்கிறது. கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்து, ஆல்கஹாலால் துடைத்து, ரப்பர் வளையத்தை மாற்றிவிட்டு, முதல் ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள்.